80-ல் அடிக்கும் பீப்: காரின் வேக எச்சரிக்கையைச் சரியாகப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி உளுந்தூர்பேட்டை பக்கம் போகும்போது நாலுவழிச் சாலை கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடக்கும். கால் தன்னால் அழுத்தும். டேஷ்போர்டிலிருந்து பீப், பீப் என்று இரண்டு தடவை கேட்கும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி. "இதை நிறுத்தவே முடியாதா மாப்ளே?" என்று பின்சீட்டிலிருந்து என் மாமா கேட்பார். போன வருடம் சர்வீசுக்கு விட்டபோது மெக்கானிக்கும் தானாகவே முன்வந்து, "அந்தச் சத்தத்தை எடுத்து விட்டுடவா சார், பத்து நிமிஷ வேலை" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த பீப் சத்தம் எதற்கு, அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது, அதை எப்படி நமக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைப்பது என்பதை வரிசையாக எழுதுகிறேன். கார் ஓட்டுபவர்களுக்காக எழுதுவதுதான் இது. ஆனால் வேன் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் பைக் ஓட்டுபவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு

செட்டிங்ஸ் பக்கம் போவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் நகர்கிறது. முன்னால் ஒரு மாடு குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. அதிலேயே 22 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் நல்ல டயரோடு பிரேக்கை முழுசாக மிதித்தால் நிற்பதற்கு இன்னும் சுமார் 35 மீட்டர். மொத்தம் 57 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது அதே இடத்தில் 100-ல் வரும் கார். யோசிக்கும் ஒரு வினாடியிலேயே 28 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க 55 மீட்டர். மொத்தம் 83. வெறும் 25 மீட்டர் அதிகம்தானே என்று தோன்றும். ஆனால் 80-ல் வந்த கார் முழுசாக நின்றுவிட்ட அதே புள்ளியில், 100-ல் வந்த கார் இன்னும் 68 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் காரில் இருப்பவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளம்புவார்கள். இரண்டாவது கார் அந்த மாட்டின் மீது 68-ல் மோதும். அது மாடாக இல்லாமல், மீடியன் இடைவெளியில் டிவிஎஸ் எக்ஸெல்லைத் திருப்பும் ஒரு பெரியவராகவும் இருக்கலாம்.

இந்த 20 கி.மீ. கூடுதலால் நமக்குக் கிடைப்பது என்ன? 20 கிலோமீட்டர் தூரத்தை 80-ல் போனால் 15 நிமிடம், 100-ல் போனால் 12 நிமிடம். மூன்று நிமிடம். டோல்கேட் வரிசையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நாட்டு அளவிலும் கணக்கு இதையேதான் சொல்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஒரு வருடத்தில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீதத்துக்கு மேற்பட்ட சாவுகளுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. நல்ல சாலைகள் போட்ட மாநிலம் நாம். அந்தச் சாலைகளிலேயே இத்தனை பேர் விழுகிறார்கள் என்பதைப் படிக்கும்போது மனசு தாங்கவில்லை.

படி 1: உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2019 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் தயாரான எல்லாக் கார்களிலும் வேக எச்சரிக்கை கட்டாயம். ஏஐஎஸ் 145 என்ற தரநிலை இதைச் சொல்கிறது. டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணி, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் இதே விதியோடு வந்தவை. 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு பீப், 120-ஐத் தாண்டினால் நிறுத்தாமல் பீப். அவ்வளவுதான் அதன் அறிவு.

இது மட்டும்தான் இருக்கிறதா, கூடுதலாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்சி புத்தகத்தில் தயாரிப்பு மாதம், வருடம் இருக்கும். 2019-க்கு முந்தைய வண்டி என்றால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நீங்கள் நேராகப் படி 5-க்குப் போய்விடலாம். அதற்குப் பிந்தைய வண்டி என்றால், காரோடு வந்த கையேட்டை எடுத்து 'ஸ்பீடு அலர்ட்', 'ஓவர்ஸ்பீடு வார்னிங்', 'ஸ்பீடு லிமிட்டர்' என்ற மூன்று சொற்களைத் தேடுங்கள். கையேடு பாலித்தீன் கவரோடு டேஷ்போர்டு டப்பாவில் கிடக்கும். நம்மில் பலர் அதைப் பிரித்ததே இல்லை.

ஸ்பீடு அலர்ட் என்றால் நீங்கள் ஓர் எண்ணை வைக்கலாம், அதைத் தாண்டினால் சத்தம் வரும். ஸ்பீடு லிமிட்டர் அதைவிட ஒரு படி மேல்: நீங்கள் வைத்த எண்ணுக்கு மேல் ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் எஞ்சின் வேகம் கொடுக்காது. அவசரத்துக்கு ஓவர்டேக் முடிக்க வேண்டும் என்றால் பெடலைத் தரையோடு அழுத்தினால் விட்டுக்கொடுத்துவிடும். க்ரூஸ் கண்ட்ரோல் பட்டனுக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். ஆனால் க்ரூஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. க்ரூஸ் உங்கள் காலை எடுக்கச் சொல்லி வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். லிமிட்டரில் கால் உங்களுடையதுதான், மேல் எல்லை மட்டும் அதனுடையது.

படி 2: மீட்டர் சொல்வது உண்மையா என்று ஒரு தடவை சோதியுங்கள்

கார் மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அது கோளாறு கிடையாது, விதியே அப்படி. உண்மை வேகத்தைவிடக் குறைவாக மீட்டர் காட்டக் கூடாது, கொஞ்சம் அதிகமாகக் காட்டலாம் என்பது சர்வதேசத் தரநிலை. என் காரில் மீட்டர் 80 காட்டும்போது போன் ஜிபிஎஸ்ஸில் 76.

நீங்களும் சோதிக்கலாம். மேடு பள்ளம் இல்லாத நேரான சாலை, வண்டி அதிகம் இல்லாத காலை நேரம். பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் போன் இருக்கட்டும், உங்கள் கையில் வேண்டாம். மீட்டரில் 60 வைத்து அரை நிமிடம் ஒரே சீராக ஓட்டுங்கள், போனில் என்ன காட்டுகிறது என்று அவர் சொல்லட்டும். அப்புறம் 80-ல் அதேபோல்.

போன் காட்டுவது மீட்டரைவிட அதிகமாக இருந்தால் உஷாராகுங்கள். கம்பெனி போட்ட அளவை விட்டுப் பெரிய டயர் மாட்டியிருந்தால் இப்படி வரும். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கார் அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. அந்த வண்டியில் பீப் சத்தம் வருவதற்குள் நீங்கள் 80-ஐத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

படி 3: நீங்கள் ஓட்டும் சாலையின் வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறோம். "காரே 80-ல்தானே கத்துது, அப்போ 80 வரைக்கும் ஓகேதான்" என்ற எண்ணம் ரொம்பப் பேருக்கு இருக்கிறது. 80 என்பது எந்தச் சாலையின் வரம்பையும் கணக்கில் வைத்துப் போட்ட எண் இல்லை. ஊருக்குள் 50 போட்டிருக்கும் இடத்தில் நீங்கள் 78-ல் போனாலும் அந்த மணி வாய் திறக்காது.

மத்திய அரசு 2018 ஏப்ரலில் கார்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120, நடுவில் தடுப்பு உள்ள நாலுவழிச் சாலையில் 100, நகராட்சி எல்லைக்குள்ளும் மற்ற சாலைகளிலும் 70 என்று அதிகபட்ச வரம்பு வைத்தது. இந்த உயர்வை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் "சட்டமே 120 கொடுத்திருக்கு" என்ற பேச்சை நம்பி ஓட்ட வேண்டாம். மாநில அரசும் உள்ளூர் நிர்வாகமும் இதைவிடக் குறைத்தும் வைக்கலாம். கண் முன்னால் நிற்கும் வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவில் எண், அதுதான் உங்களுக்கான கணக்கு.

சென்னைக்குள் போக்குவரத்து காவல்துறை 2023 நவம்பரில் தனியாக வரம்பு அறிவித்தது. கார்களுக்கு 60, பேருந்து லாரிகளுக்கு 50, பைக்குகளுக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. இந்த 30 பலருக்குத் தெரியவே தெரியாது. தெருவில் பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே ஒரு குழந்தை வரும் என்று கணக்குப் போட்டு வைத்த எண் அது. தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவுப்படி காருக்கு 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை அபராதம்.

நீங்கள் வாரம்தோறும் போகும் பாதையை ஒரு தடவை நிதானமாக ஓட்டிப் பலகைகளை மட்டும் கவனியுங்கள். ஒரு சின்னத் தாளில் எழுதி சன்வைசரில் செருகி வையுங்கள். எந்த இடத்தில் பள்ளிக்கூடம், எந்த இடத்தில் மீடியன் இடைவெளி, எந்தக் கிராமத்து ஆட்கள் ராங் சைடில் வந்து ஏறுவார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலகை சொல்லாததையும் உங்கள் தாள் சொல்லும்.

படி 4: உங்கள் எண்ணை நீங்களே வையுங்கள், வண்டி நகர்வதற்கு முன்

செட்டிங்ஸில் ஸ்பீடு அலர்ட் இருந்தால் வண்டி நின்றிருக்கும்போது திறந்து எண்ணை மாற்றுங்கள். பல கார்களில் ஸ்டீயரிங் பட்டன் வழியாக மீட்டருக்கு நடுவிலுள்ள திரையில் வரும். சிலவற்றில் டச் ஸ்கிரீனில் 'வெஹிக்கிள் செட்டிங்ஸ்' என்பதற்குள் இருக்கும். ஓடும்போது அதைத் தோண்டிக்கொண்டிருக்கக் கூடாது.

எந்த எண்? நான் வைக்கும் முறை இது. ஊருக்குள் ஓட்டப் போகிறேன் என்றால் 50. சென்னையிலிருந்து திருச்சி போகிறேன் என்றால் 90. ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போவதற்கு 70. அந்தச் சாலையில் வீடும் கோயிலும் ஓட்டலும் சாலையை ஒட்டியே இருக்கின்றன, கடற்கரைக்குப் போகும் ஜனங்கள் எங்கே வேண்டுமானாலும் கடப்பார்கள். மழை என்றால் எந்த எண்ணாக இருந்தாலும் அதிலிருந்து 20 குறைத்துவிடுவேன். ஈரச் சாலையில் டயர் பிடிக்காது, மேலே போட்ட கணக்கில் பிரேக் தூரம் நன்றாக நீண்டுவிடும்.

90 ஏன், 100 வைக்கலாமே என்று கேட்கலாம். எச்சரிக்கை என்பது வரம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே வர வேண்டும். வரம்பிலேயே வைத்தால், சத்தம் வரும்போது நீங்கள் ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள். ஆனால் ரொம்பக் குறைவாகவும் வைக்காதீர்கள். நாலுவழிச் சாலையில் 60 வைத்தால் வழி முழுக்கக் கத்தும், பத்து நிமிடத்தில் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும். காது பழகிப்போன எச்சரிக்கை, இல்லாத எச்சரிக்கைக்குச் சமம். கம்பெனி வைத்த 80 பீப்பைப் பலர் வெறுப்பதும் இதனால்தான். நாலுவழிச் சாலையில் நியாயமான வேகத்தில் போகும்போதும் அது கத்துகிறது, உண்மையிலேயே ஆபத்தான ஊர் எல்லையில் அது பேசுவதில்லை. குறை அதன் எண்ணில் இருக்கிறது. எண்ணை நீங்கள் வைத்துக்கொண்டால் அந்தக் குறையில் பாதி தீர்ந்துவிடும்.

படி 5: காரில் வசதி இல்லையென்றால் போனை வைத்துச் சமாளியுங்கள்

கூகுள் மேப்ஸ் செட்டிங்ஸில் நேவிகேஷன் பகுதிக்குப் போனால் ஸ்பீடோமீட்டரை ஆன் செய்யலாம். வழி போட்டு ஓட்டும்போது மூலையில் உங்கள் வேகம் தெரியும். வரம்பு தெரிந்த சாலைகளில் அதையும் காட்டி, தாண்டினால் நிறம் மாறும். இந்தியாவில் 2022-ல் பெங்களூரு, சண்டிகர் காவல்துறையோடு சேர்ந்து இந்த வரம்புத் தகவலைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் ஆப்பிலும் வேக வரம்பு, கேமரா, விபத்து அதிகம் நடக்கும் இடம் ஆகியவற்றுக்குக் குரல் எச்சரிக்கை உண்டு.

போனைக் கண் மட்டத்துக்குக் கீழே, ஏசி துவாரத்துப் பக்கம் ஸ்டாண்டில் மாட்டுங்கள். கண்ணாடி நடுவில் மாட்டினால் சாலையே மறையும். சத்தத்தை நன்றாகக் கூட்டி வையுங்கள், திரையைப் பார்க்கவே தேவையிருக்கக் கூடாது. ஆப் சொல்வதும் பலகை சொல்வதும் முரண்பட்டால் பலகைக்கே மதிப்பு. புதிதாகப் போட்ட பைபாஸ், வேலை நடக்கும் இடத்துத் தற்காலிக 30 பலகை இதெல்லாம் மேப்புக்குத் தாமதமாகத்தான் தெரியவரும்.

படி 6: சத்தம் வந்தால் கால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. மணி அடிக்கும்போது யோசிக்க ஆரம்பித்தால் "இந்த லாரியைத் தாண்டிட்டுக் குறைக்கலாம்" என்ற பதிலே எப்போதும் கிடைக்கும். அதனால் யோசனையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நான் வைத்திருக்கும் பழக்கம்: பீப் கேட்டதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது, பின்கண்ணாடியைப் பார்ப்பது, வலது லேனில் இருந்தால் இண்டிகேட்டர் போட்டு இடது லேனுக்கு வருவது. பிரேக்கை மிதிப்பதில்லை. திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் மோதுவார். காலை எடுத்தாலே சில வினாடிகளில் 90 என்பது 80 ஆகிவிடும்.

வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு ஒன்பது வயது. பீப் கேட்டால் "அப்பா, கால்" என்று சொல்வது அவள் வேலை. முதல் வாரம் விளையாட்டாகச் சொன்னாள். இப்போது தூக்கத்திலிருந்து பாதி எழுந்தும் சொல்கிறாள். மாமா முதலில் அவளை அதட்டினார், அப்புறம் அவரும் மீட்டரை எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

படி 7: பலகையைப் படிக்கும் கார் வைத்திருந்தால்

மஹிந்திராவின் எக்ஸ்யூவி 700 மாதிரியான சில வண்டிகளில் முன்கண்ணாடியில் பதித்த கேமரா சாலையோரப் பலகையைப் படித்து வரம்பை மீட்டரில் காட்டும். கேமரா உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியின் மேல் நடுப்பகுதியில் இருக்கும். நாம் ஃபாஸ்டேக் ஒட்டுவதும் அங்கேதான். கேமராவை மறைக்காமல் ஒட்டுங்கள், பக்கத்தில் சாமி படமோ தொங்கும் பொம்மையோ வேண்டாம். வெளிப்பக்கம் பூச்சி அடித்த கறையை டோல்கேட்டில் நிற்கும்போது துடைத்துவிடுங்கள். அந்தக் கேமரா சர்வீஸ் ரோட்டுக்கு வைத்த 40 பலகையைப் பார்த்துவிட்டு நாலுவழிச் சாலையில் 40 என்று காட்டலாம். சினிமா போஸ்டர் ஒட்டிய பலகையைப் படிக்காமலே போகலாம். அதனால் அது காட்டுவதைக் கண்ணால் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் இது சட்டமாகவே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலையிலிருந்து விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஐஎஸ்ஏ என்ற வேக உதவி அமைப்பு கட்டாயம். கேமராவும் மேப்பும் சேர்ந்து அந்தச் சாலையின் வரம்பைக் கண்டுபிடிக்கும், தாண்டினால் சத்தமோ பெடலில் அதிர்வோ வரும். ஓட்டுநர் அணைக்கலாம், ஆனால் அடுத்த தடவை வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது தானாக ஆன் ஆகிவிடும். ஜெர்மனியிலோ பிரான்சிலோ வாடகைக் கார் எடுக்கும் நம் ஊர்க்காரர்கள், ஊருக்குள் நுழைந்ததும் கார் கத்துகிறதே என்று பயப்பட வேண்டாம். ஸ்வீடன் இதை 1999-லிருந்து 2002 வரை நான்கு ஊர்களில் சுமார் 5,000 வண்டிகளில் வைத்துச் சோதித்துப் பார்த்தது. நம் ஊரின் 80 பீப்புக்கும் இதற்கும் உள்ள தூரம், சாலையின் வரம்பு வண்டிக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான். நம் நெடுஞ்சாலைகளில் பலகைகள் ஒழுங்காக, ஒரே அளவில், மரக்கிளை மறைக்காமல் நின்றாலே பாதி தூரம் வந்துவிடுவோம். அதை நெடுஞ்சாலைத் துறையிடம் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

வேன், பள்ளிப் பேருந்து, பைக்

லாரி, பேருந்து போன்ற வாடகை வாகனங்களில் ஸ்பீடு கவர்னர் இருக்க வேண்டும். அது எச்சரிப்பதோடு நிற்காது, 80-க்கு மேல் போக விடாது. பள்ளிப் பேருந்துக்கு அதைவிடக் குறைவு. கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ வேன் பேசும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்கிறோம், கவர்னர் வேலை செய்கிறதா என்று கேட்பதில்லை. கேளுங்கள். ஓனரிடம் கேட்டுவிட்டு, கிளம்பும்போது டிரைவரிடமும் "அண்ணே, அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவாவே போகலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பல டிரைவர்கள் வேகமாகப் போவது பயணிகள் நெருக்குவதால்தான். உங்கள் பிள்ளையின் பள்ளிப் பேருந்தில் ஜிபிஎஸ் ஆப் இருந்தால் அதில் வேகமும் தெரியும், வரம்பைத் தாண்டுவதைப் பார்த்தால் பள்ளிக்கு அன்றைக்கே எழுதுங்கள்.

பைக்குக்கு இந்தக் கட்டாய மணி கிடையாது. ப்ளூடூத் மீட்டர் உள்ள சில ஸ்கூட்டர்களில் ஓவர்ஸ்பீடு அலர்ட் வைக்கலாம், 50 வையுங்கள். இல்லையென்றால் ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டி ஆப்பைக் கேட்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். பின்னால் வரும் ஹாரன் கேட்காது.

படி 8: மணியைப் பிடுங்காதீர்கள், பராமரியுங்கள்

பல வண்டிகளில் சீட் பெல்ட், கதவு சரியாகச் சாத்தாதது, ஹேண்ட்பிரேக் போட்டபடி ஓட்டுவது எல்லாவற்றுக்கும் ஒரே பஸர்தான் சத்தம் கொடுக்கிறது. அதன் ஒயரைப் பிடுங்கினால் எல்லாமே ஊமையாகிவிடும். பின்சீட்டுக் கதவு பாதி திறந்திருப்பதை யார் உங்களுக்குச் சொல்வது? டேஷ்போர்டுக்குள் கை வைத்தால் வாரண்டிக்கும் சிக்கல் வரலாம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது, டெஸ்ட் டிரைவில் பைபாஸில் ஏற்றி மெதுவாக 82 வரை கொண்டுபோய்ப் பாருங்கள். 2019-க்குப் பிந்தைய காரில் பீப் வரவில்லை என்றால் யாரோ கை வைத்திருக்கலாம். அதைச் சரி செய்து தரச் சொல்லி, விலை பேசும்போதே எழுதி வாங்குங்கள். பேட்டரி மாற்றினாலோ சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாலோ நீங்கள் வைத்த எண் அழிந்திருக்கலாம். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்ததும், சாவியைப் போட்டு செட்டிங்ஸைத் திறந்து உங்கள் எண் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கேட்டைத் தாண்டுங்கள்.